குதிக்காமல் வெளியேறிய உறை

"சத்தமா?" என்றாள் ஷெல்பி மாடாக்ஸ்.

"ஆமா கண்ணு. உன் துப்பாக்கி உறையைத் திறந்தா என்ன சத்தம் வரும்? யோசிக்காம சொல்லு," என்றாள் வெர்னா டாகெட்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு நிறச் சிறை உடுப்பில் உட்கார்ந்திருந்த ஷெல்பி போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். தினமும் விடிந்ததும் ஆற்றோரப் பாதையில் ஓடுபவள். பிரிந்துபோன புருஷன் டிரென்ட்டைச் சுட்டதாகச் சொல்லி, சனிக்கிழமை அங்கேதான் கைது செய்தார்கள்.

"சர்ர்ருனு கிழியற சத்தம். வெல்க்ரோதானே? ராய்ஸோட துப்பாக்கிக் கடையில போட்டுப் பார்த்தப்போ எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவர்கூடச் சிரிச்சார்."

வெர்னா கண்ணை மூடித் திறந்தாள். அவள் கேட்க விரும்பாத பதில் அதுதான்.

"ஏன் மேடம்? தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"இல்ல. அந்த உறை இப்ப எங்க இருக்கு?"

"எத்தனை தடவை சொல்றது? ராய்ஸ் கடையில இருக்கு. துப்பாக்கி முனையில நீட்டிக்கிட்டு இருக்கிற குறி துணியில மாட்டிக்கிட்டே இருந்துச்சு. ராவித் தரேன்னு துப்பாக்கி, உறை ரெண்டையும் அவர்தான் வாங்கி வெச்சுக்கிட்டார். நான் திரும்பப் போகவே இல்ல." கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தாள். "யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. மேடம், நாளைக்குக் கோர்ட்டுல என் பொண்ணு ஜோசியை டிரென்ட்கிட்ட கொடுத்துருவாங்களா?"

பொய் சொல்லி ஆறுதல் சொல்லும் வயதை வெர்னா தாண்டி வெகுநாளாயிற்று. "வேற எதுவும் கிடைக்கலைன்னா, கொடுத்துருவாங்க," என்றாள்.

"அவளுக்கு ராத்திரியில இழுப்பு வரும். இழுக்கிற மருந்தை எந்தப் பையில வெச்சிருக்கோம்னுகூட அவனுக்குத் தெரியாது. ஆறு வயசு, மேடம். அவளுக்கு வாயைத் திறந்து கேட்கவும் தெரியாது."

நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் வந்து தோளைத் தொட்டார். ஷெல்பி போனை வைக்கவில்லை. அவர்தான் பிடுங்கி மாட்டினார்.

* * *

வெளியே டென்னசி வெயில் காரை அடுப்பாக்கி வைத்திருந்தது. வெர்னா ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையால் இடுப்பைப் பிடித்து, இரண்டு தவணையாக உள்ளே இறங்கினாள். ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க துப்பாக்கி, விலங்கு, டார்ச், ரேடியோ என்று ஒரு சின்னக் கடையையே பெல்ட்டில் தொங்கவிட்டு அலைந்ததற்கு, ஓய்வு பெற்றபின் முதுகெலும்பு வட்டி வசூலித்துக்கொண்டிருந்தது. இனிப் பெல்ட்டே கட்டாதே, தினமும் நட என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நடக்கலாம்தான். துப்பாக்கியை எங்கே செருகிக்கொண்டு நடப்பது என்று டாக்டர் சொல்லவில்லை.

ஸ்டீயரிங்கில் டூலி கிராப்ட்ரீ உட்கார்ந்திருந்தான். அவள் இப்போது செய்யும் துப்பறியும் வேலைக்கு உதவியாளன். முன்பு உள்ளூர் ரேடியோவில் வானிலை வாசித்தவன். அவன் வெயில் என்று சொன்ன நாளெல்லாம் ஊர் நனைந்ததால் வேலை போயிற்று. எலும்பும் தோலுமான உடம்பு. இடுப்பில் எந்தப் பேண்டும் நிற்காது. அதனால் தோளிலிருந்து சிவப்பு சஸ்பெண்டர் போட்டுத் தூக்கிக் கட்டியிருப்பான். சஸ்பெண்ட் ஆனதன் ஞாபகார்த்தமாம்.

"முகத்தைப் பார்த்தா லேசான தூறல் மாதிரி இருக்கே பாஸ்?"

"அவ வெல்க்ரோங்கிறா, டூலி. கிழியற சத்தமாம்."

டூலி விசிலடித்தான். "போச்சு. அந்த டிரென்ட் பய என்ன சொல்லியிருக்கான்? 'ஓட்டப் பாதைகிட்ட கார் நிறுத்துற இடத்துல பேசிக்கிட்டு இருந்தோம். நான் கிளம்பத் திரும்பினேன். பின்னால டக்குனு பிரஸ் பட்டன் திறக்கிற சத்தம். திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள தோள்ல சுட்டுட்டா.' போலீஸ் எடுத்த உறையில இருக்கிறது என்ன? பிரஸ் பட்டன். அவன் சொல்றது பொருந்துது. நம்ம பொண்ணு சொல்றது பொருந்தல."

"போட்டோவைக் காட்டு."

ஷெல்பியின் வக்கீல் அனுப்பிய படத்தை டூலி போனில் எடுத்து நீட்டினான். ஓட்டப் பாதைப் புதரில் கறுப்பு நிற எலாஸ்டிக் பட்டை ஒன்று. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்ளும் ரகம். பெல்ட் தேவையில்லை. சுட்டதும் துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு, ஓடும்போது இதைக் கழற்றி எறிந்தாள் என்பது போலீஸ் கணக்கு.

"நாய்க்குட்டி ஒண்ணு தலையைப் புதருக்குள்ள விட்டுக்கிட்டு வாலை மட்டும் வெளிய தொங்கவிட்ட மாதிரி இல்ல?" என்றான் டூலி.

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ துப்பாக்கியை வாங்கிட்டுப் போகவே இல்லைங்கிறா. வியாழக்கிழமையே அவ கையில கொடுத்துட்டேன்னு ராய்ஸ் சொல்லியிருக்கான். ராய்ஸ் ஹாலிஸ் பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"சர்ச்சுல பாட்டு நல்லாப் பாடறேன்னு என்னைச் சொன்னார். அது ஒண்ணுதான்."

"வண்டியை அவன் கடைக்கு விடு. எனக்கும் ஒரு உறை வேணும். அதைச் சாக்கா வெச்சு அவ என்ன வாங்கினா, எப்படி வாங்கினான்னு பேச்சுக் கொடுப்போம். நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு நூல்தான்."

"அறுந்துட்டா?"

"அறுந்துட்டா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன்," என்றாள் வெர்னா. உண்மையில் அது அவ்வளவு கெட்ட யோசனையாகவும் தோன்றவில்லை.

* * *

"கடைசியில பெல்ட்டை விட்டுட்டியா அம்மணி!"

ராய்ஸ் ஹாலிஸ் கல்லாவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். பெருத்த உடம்பு, வெளுத்த மீசை, இடுப்பில் அகலமான தோல் பெல்ட், அதில் பழைய ரிவால்வர். வெர்னா போலீசில் சேர்ந்த வாரம் அவளுக்கு முதல் உறையை மாட்டிவிட்டவர் அவர்தான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்தபோது கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் வாசலில் நின்றவரும் அவர்தான். இன்று கொஞ்சம் இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தூக்கம் இல்லையா, ராய்ஸ்?"

"வெயில். அதை விடு. என்ன பண்ணப் போற? நடையா, ஓட்டமா?"

"ஓட்டமா? கட்டில்ல இருந்து எழுந்திருக்கிறதே எனக்கு ஓட்டம்தான்."

ராய்ஸ் சிரித்தார். ஆள் களைத்திருந்தாலும் வியாபாரம் பேச ஆரம்பித்தால் இளமை திரும்பிவிடும். மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒரு கிளிப் வைத்த உறையை எடுத்து டூலியின் இடுப்பில் செருகி, நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியை அதில் சொருகினார்.

"உட்கார்ந்து எழுந்திரு தம்பி."

டூலி உட்கார்ந்தான். உறை, துப்பாக்கி, பேண்டின் ஒரு பக்கம் மூன்றும் சேர்ந்து இறங்கின. "ஐயா, பொம்பளைங்க இருக்கிற இடம்!" என்று அலறினான்.

"பார்த்தியா? கிளிப்புன்னா அதுக்குப் பிடிக்க ஒரு பெல்ட் வேணும். ஓடறவங்க போடற லெக்கிங்ஸ்ல இதைச் செருகினா ரெண்டாவது வளைவுல தரையில கிடக்கும். துப்பாக்கியை இழுத்தா உறையும் ஒட்டிக்கிட்டே வரும்." இன்னொன்றை எடுத்தார். "கணுக்கால் உறை. ஓடிப் பார், கால்ல செங்கல் கட்டின மாதிரி இருக்கும். இது முன்னால தொங்கற பை. வசதிதான். ஆனா எவனாவது வாரைப் பிடிச்சு இழுத்தா பையும் போச்சு, நீயும் போன."

"கைப்பை?"

"கைப்பையைக் கீழ வைக்காத பொம்பளை யாரு? நீ வெச்சிட்டுப் போவ, பேரப்பிள்ளை திறக்கும். வேண்டாம்." கடைசியாக ஒரு கறுப்புப் பட்டையை உதறி விரித்தார். "இதுதான் உனக்கு. விலா எலும்புக்குக் கீழ சுத்தி இறுக்கணும். விசையை மூடறதுக்குக் கெட்டியான கூடு இருக்கு பார், இது இல்லாத பட்டையை எவன் இனாமாக் கொடுத்தாலும் வாங்காத. வெறும் துணிக்குள்ள விரல் பட்டாக்கூடச் சுட்டுரும். மேல வார், வாரில பிரஸ் பட்டன். குதிச்சாலும் வெளிய வராது."

அவர் பட்டனைத் திறந்து காட்டினார்.

டக்.

வெர்னாவும் டூலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

"ஷெல்பி மாடாக்ஸ் வாங்கினதும் இதுதானா?" என்றாள் வெர்னா, துணியைத் தடவிப் பார்ப்பதுபோல.

ராய்ஸின் கை ஒரு கணம் நின்றது. "இதேதான். முதல்ல வெல்க்ரோ வெச்சதைத்தான் எடுத்தா. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கல. துப்பாக்கியை ராவிக்கிட்டு இருந்தப்போ இந்தப் புது மாடல் வந்துச்சு. நானே மாத்தி வெச்சேன். வியாழக்கிழமை வந்தா, காட்டினேன், வாங்கிட்டுப் போனா. பாவம், அந்தப் பொண்ணு இப்படிச் செய்வான்னு யாரு நினைச்சா?"

"மாத்தினதை அவகிட்ட காட்டினியா?"

"திறந்து காட்டினேன். சிரிச்சா."

கறுப்புப் பட்டை வெர்னாவின் கையில் கனத்தது. காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் காதில் ஓடியது. சர்ர்ருனு கிழியற சத்தம். பொய் சொல்ல நினைப்பவள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? டக் என்று சொல்லியிருந்தாலும் ஒரு நஷ்டமும் இல்லை. தன்னுடைய உறையின் சத்தம் அவளுக்கே தெரியவில்லை. விட்டுப் பிரிந்து போன புருஷனுக்கு அது அட்சரம் பிசகாமல் தெரிகிறது.

வெர்னாவுக்குத் திடீரென்று உட்கார வேண்டும் போலிருந்தது.

"என்ன அம்மணி, கிறுகிறுங்குதா?"

"இல்ல. மாட்டிவிடு. போட்டுப் பார்க்கிறேன்."

ராய்ஸ் கண்ணியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டையைச் சுற்றக் கொடுத்தார். அவள் சட்டைக்கு மேலாகவே இறுக்கிக்கொண்டாள். நீலத் துப்பாக்கி கூட்டுக்குள் போயிற்று, வார் விழுந்தது, பட்டன் மூடியது.

"இப்போ குதி."

"என்னது?"

"இந்தக் கடைச் சட்டம் உனக்குத் தெரியாதா? குதிக்காம யாரும் உறை வாங்கிட்டுப் போக முடியாது. பாஸ்டர் குதிச்சிருக்கார். மேயர் பொண்டாட்டி குதிச்சிருக்கா. கையை மேல தூக்கி, காலை விரிச்சு, ம்!"

டூலி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். "பாஸ், நிலநடுக்க எச்சரிக்கை கொடுத்துடட்டுமா?"

"வாயை மூடு." வெர்னா குதித்தாள். முதுகு கத்தியது. மறுபடி குதித்தாள். பிறகு ராய்ஸ் சொன்னபடி ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், பெருமூச்சு விட்டாள். துப்பாக்கி இம்மியும் அசையவில்லை. இத்தனை வருடம் எதற்காக அந்தப் பெல்ட்டைச் சுமந்தோம் என்று நொந்துகொண்டாள்.

"அசையாம நில்லு." ராய்ஸ் கத்தரிக்கோலோடு அருகில் வந்தார். சுற்றியது போக மிச்சமாக அவள் இடுப்புக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குப் பட்டை தொங்கியது. ஒரே வெட்டில் அதை நறுக்கினார். லைட்டரைக் கொளுத்தி, வெட்டுப்பட்ட விளிம்பை லேசாகக் காட்டிப் பிசிறு உருகி ஒட்டும்படி விரலால் தேய்த்தார். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

"கம்பெனிக்காரன் யானைக்கும் சேர்த்து நீளமா வெச்சிடறான். இந்த வாலை விட்டா சட்டைக்குக் கீழ தொங்கும், ஊரே பார்க்கும். அதான், வால் நறுக்காம ஒரு பட்டைகூட இங்க இருந்து வெளிய போனதில்ல. அதுவும் குதிச்சு முடிச்ச பிறகுதான் நறுக்கணும். முன்னாடியே நறுக்கினா மூச்சு வாங்கும்போது பத்தாது."

"ஒண்ணுகூடப் போனதில்லையா?"

"ஒண்ணுகூட."

"ஷெல்பியோடது?"

"அவளும் நீ நிக்கிற இடத்துலதான் குதிச்சா. அவளுக்கு உன்னைவிட நீள வால். ஈர்க்குச்சி இடுப்பு."

சுவரோரம் டூலி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். அவன் சொல்ல வந்ததை முழுங்கி வெர்னா பார்த்ததே இல்லை. அவன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான், எதையோ பெரிதாக்கினான், அவளிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

புதரில் கறுப்புப் பட்டை. நாய்க்குட்டி வால். கிளையிலிருந்து நீளமாக, நறுக்காமல், கருகாமல், கம்பெனிக்காரன் வைத்த மடிப்புக்கூடக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா என்று வெர்னா நினைத்தாள். இந்த ஊரில் எத்தனை அயோக்கியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பிடிக்கத்தானே அவள் இந்த வெயிலில் கிளம்பி வந்தாள்.

"ராய்ஸ்," என்றாள். "இதைக் கொஞ்சம் பாரு."

ராய்ஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"அவ இங்க வரவே இல்ல. இல்லையா?"

ராய்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ராய்ஸ். அந்தப் பொண்ணு ஜெயில்ல உட்கார்ந்திருக்கா. இன்னிக்குக் காலையிலகூட, உறை உன் கடையில பத்திரமா இருக்குன்னு உன்னை நம்பிச் சொன்னா. நாளைக்கு அவ குழந்தை போகப் போகுது. யாருகிட்ட கொடுத்த?"

"டிரென்ட்கிட்ட," என்றார் ராய்ஸ். சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "வேலை முடிஞ்சதும் அவ வீட்டுக்குப் போன் பண்ணினேன். யாரும் எடுக்கல. உன் சாமான் தயார்னு போன்ல பேசிப் பதிவு பண்ணி வெச்சேன். என்கிட்ட இருந்தது டிரென்ட் இருக்கிற அந்தப் பழைய வீட்டு நம்பர்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். ஜோசிக்குக் காய்ச்சல், ஷெல்பி அனுப்பிச்சு வந்தேன்னான். பால் பல் விழாத வயசுல இருந்து பார்க்கிற பையன். சாமானை ஒரு காகிதப் பையில போட்டுக் கொடுத்தேன்."

"துப்பாக்கியையும் சேர்த்தா?" என்றான் டூலி. "ஐயா, ராவறதுக்கு யாரு கொடுத்தாங்களோ அவங்க கையிலதானே திருப்பிக் கொடுக்கணும்? வேற ஆள்னா விண்ணப்பம், போன்ல விசாரணை எல்லாம் இருக்கே. எனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதா?" ராய்ஸ் நிமிர்ந்தார். "புருஷன்தானே, இதுக்கென்ன விண்ணப்பம்னு விட்டுட்டேன்."

"புருஷன் இல்ல, ராய்ஸ். அவங்க பிரிஞ்சு குளிர்காலமே போயிருச்சு."

"யாரு என்கிட்ட சொன்னாங்க? ஞாயித்துக்கிழமையானா இன்னும் ஒரே பெஞ்சுலதான் உட்கார்றாங்க, நடுவுல அந்தக் குழந்தையோட! நான் பின் வரிசையில இருந்து அதைத்தானே பார்க்கிறேன்!"

அது உண்மைதான். ஜோசிக்காக அப்படி உட்காரச் சம்மதித்தேன் என்று ஷெல்பியே சொல்லியிருந்தாள். சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் குடும்பம் என்றுதான் அந்த ஊரில் யாரும் நினைப்பார்கள்.

"சரி, அன்னிக்குத் தெரியல. சனிக்கிழமை தெரிஞ்சதில்ல?" வெர்னாவின் குரலில் கோபமில்லை. கோபப்பட அவளுக்குத் தெம்பில்லை. "துணை ஷெரிஃப் வந்து கேட்டப்போ ஏன் அவ பேரைச் சொன்ன?"

"லைசென்ஸ் போயிரும் வெர்னா. ஜெயில்கூட. அப்பா வெச்ச கடை. வாய் தானா சொல்லிருச்சு. அப்புறம், டிரென்ட் அதைக் கொண்டுபோய் அவகிட்ட கொடுத்திருப்பான், அவதான் சுட்டிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படி நினைச்சுக்கிறது வசதியா இருந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்தார். "ஆனா ராத்திரியில தூக்கம் வரல."

"குழந்தையைத் தன்கிட்ட வாங்கிக்க, தோள் சதையில மட்டும் படற மாதிரி தன்னைத்தானே சுட்டுக்கிட்டு, பட்டையைப் புதர்ல வீசிட்டு, போலீஸுக்குப் போன் போட்டிருக்கான்," என்றான் டூலி மெதுவாக. "வீட்டுல அந்தப் பட்டனை டக்கு டக்குனு எத்தனை தடவை திறந்து மூடினானோ. அந்தச் சத்தம் மனசுல பதிஞ்சுபோய் அதையே வாக்குமூலத்துல சொல்லிட்டான்."

வெர்னா போனை டூலியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ராய்ஸ், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"பொய் சொன்னது நான்தானே." அவர் எழுந்தார். "நானே சொல்றேன். உன் வண்டியிலயே வர்றேன். எனக்கு இப்ப ஓட்ட முடியாது."

கதவில் தொங்கிய பலகையை 'மூடப்பட்டது' என்ற பக்கம் திருப்பினார். பிறகு ஷெரிஃப் அலுவலகத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று நினைவு வந்து பெல்ட்டை அவிழ்த்தார். பெல்ட்டில் கோத்த உறை. முழுசாக உருவினால்தான் கழலும். உருவி, ரிவால்வரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெல்ட்டை மேசைமேல் போட்டவர் திரும்பக் கட்ட மறந்து வாசலுக்கு நடந்தார். இளைத்த இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. இரண்டு எட்டில் நின்று, ஒரு கையால் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாதவரைப்போல் நின்றார்.

பெல்ட்டை எடுத்துக் கொடுக்க வெர்னா மேசைமேல் எட்டிக் குனியப் போனாள். முதுகு விடவில்லை.

அதற்குள் டூலி தன் சிவப்பு சஸ்பெண்டரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசாமல் ராய்ஸின் பின்னால் போய் நின்று, இரண்டு கொக்கிகளை மாட்டி, தோளுக்கு மேல் கொண்டுவந்து முன்பக்கம் மாட்டிவிட்டான். ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதுபோல் அவர் சட்டையைத் தட்டிச் சரிசெய்தான். பிறகு தன் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கார் கதவைத் திறக்கப் போனான்.

அந்த வேலைக்கு அவனிடம் ஒரு நகைச்சுவைகூட இல்லை என்பதை வெர்னா கவனித்தாள்.

* * *

வழியில் ராய்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் குழந்தைக்கு இழுப்பு வருமே. மருந்து இப்ப யாருகிட்ட இருக்கு?"

"ஷெல்பியோட அக்காகிட்ட. அங்கதான் குழந்தையும் இருக்கு."

"நாளைக்குள்ள இவளை விட்டுருவாங்களா?"

"தெரியாது, ராய்ஸ். ஆனா டிரென்ட்கிட்ட குழந்தையைக் கொடுக்க எந்த நீதிபதிக்கும் கை வராது. அதுபோதும் எனக்கு."

ராய்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வெர்னாவின் வயிற்றில் காலிப் பட்டை இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்திருந்தாள். வேர்வையில் அரித்தது. கழற்றிவிடலாம்தான். கை தூக்க அலுப்பாக இருந்தது.

ஷெரிஃப் அலுவலக வாசலில் ஒரு புதிய துணை ஷெரிஃப், மீசை சரியாக முளைக்காத பையன், தடுப்பை நீட்டி நிறுத்தினான்.

"ஆயுதம் ஏதாவது வெச்சிருக்கீங்களா, ஐயா?"

"இல்ல," என்றார் ராய்ஸ் ஹாலிஸ். சிவப்புப் பட்டிகளுக்கு நடுவே அவர் கைகள் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தொங்கின. "இன்னிக்கு இல்ல."

"என்ன விஷயமா வந்தீங்க?"

"ஷெல்பி மாடாக்ஸ் விஷயமா. உங்க ஷெரிஃபைக் கூப்பிடு தம்பி." ஒரு தரம் திரும்பி வெர்னாவைப் பார்த்துவிட்டு, பையன் பக்கம் நிமிர்ந்தார். "அவ என் கடையில குதிக்கவே இல்லைன்னு சொல்ல வந்திருக்கேன்."